எல்.இ.டி. மினுக்கிய பிறகு: பவர் சப்ளையா, ஆம்ப்ளிஃபயரா, ரேடியோவா, ஆர்டுயினோவா?

எல்.இ.டி. எரிய வைத்தாயிற்று. 555 ஐ.சி. வைத்து விளக்கை மினுக்கியாயிற்று. ஆர்டுயினோ ஒன்று வாங்கி, இணையத்தில் கிடைத்த புரோகிராம் கோடைப் போட்டு மோட்டாரும் ஓட்டியாயிற்று. அதற்கு அடுத்தது என்ன என்று தெரியாமல் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அந்த இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றேன். வீட்டில் உட்கார்ந்து கையால் செய்து கற்க நான்கு வழிகள் கண்ணுக்குத் தெரிந்தன: பவர் சப்ளை, ஆடியோ ஆம்ப்ளிஃபயர், ரேடியோ, மைக்ரோகன்ட்ரோலர். நான்கையும் வெவ்வேறு காலங்களில் செய்து பார்த்த பிறகு எதை முதலில் எடுக்கலாம் என்பதில் எனக்கு இப்போது ஒரு தெளிவான கருத்து இருக்கிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. 12 வோல்ட் சப்ளை. ஒரு பிசி547 டிரான்சிஸ்டர். சப்ளைக்கும் பேஸுக்கும் நடுவே 56 கிலோ ஓம், பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம். கலெக்டரில் 4.7 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம். கலெக்டரில் மல்டிமீட்டரை வைத்தால் எத்தனை வோல்ட் காட்டும்?

மீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். 56-ம் 10-ம் பிரித்துக் கொடுப்பதால் பேஸில் சுமார் 1.8 வோல்ட். அதில் பேஸ் எமிட்டர் இடைவெளி 0.65 போக எமிட்டரில் 1.1-க்குச் சற்று மேல். 1 கிலோ ஓமில் அந்த வோல்ட் என்றால் ஓடும் கரண்ட் 1.1 மில்லி ஆம்பியர் சொச்சம். அதே கரண்ட் 4.7 கிலோ ஓம் வழியே வந்தால் அங்கே 5.3 வோல்ட் அளவுக்கு விழும். மிச்சம் 6.7 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டு, மீட்டரை வைத்து, அது 6.5 காட்டினால் "ரெசிஸ்டர் 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், சரி" என்றும், 11.9 காட்டினால் "டிரான்சிஸ்டர் திறக்கவே இல்லை, பேஸ் பக்கம் ஏதோ விட்டுப்போயிருக்கிறது" என்றும் சொல்லத் தெரிந்தவர் தொடக்க நிலையைத் தாண்டிவிட்டார் என்று எடுத்துக்கொள்வேன்.

நான்கு வழிகளையும் ஒப்பிட இந்த ஒரு அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். முன்கூட்டியே கணக்குப் போட எவ்வளவு இடம் கொடுக்கிறது? போட்ட கணக்கை வீட்டிலுள்ள சாதாரண மீட்டரால் சரிபார்க்க முடியுமா? தப்பு நடந்தால் அது எங்கே என்று தேட வழி இருக்கிறதா?

கடையில் கிடைக்கும் கிட்கள் இந்த அளவுகோலில் பெரும்பாலும் நிற்பதில்லை. போர்டில் எண் அச்சிட்டிருக்கும், அந்த எண்ணுள்ள பாகத்தைச் செருகிப் பற்ற வைத்தால் முடிந்தது. சால்டரிங் கை பழகுவதற்கு நல்லது. ஆனால் அந்த இடத்தில் ஏன் 10 கிலோ ஓம், ஏன் 47 இல்லை என்ற கேள்வியே எழாது. ஒன்றிரண்டு கிட் செய்து கை பழகிவிட்டால் போதும்.

பவர் சப்ளை: எண்களும் சூடும்

பார்வைக்கு நான்கில் எளிமையானது இதுதான். 230 வோல்ட்டை 12 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்4007 டயோடு, ஒரு பெரிய கெப்பாசிட்டர், ஒரு எல்எம்317. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் டாப்கின் 1976 வாக்கில் உருவாக்கிய இந்த மூன்று கால் ஐ.சி. இன்றும் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. அது செய்யும் வேலை ஒன்றே ஒன்று: அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட்டை வைத்திருக்கும். அந்த இரண்டு கால்களுக்கு நடுவே 240 ஓம், அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1.5 கிலோ ஓம் போட்டால் வெளியே 9 வோல்ட் வர வேண்டும். 1.25 பெருக்கல் (1 கூட்டல் (1500 வகுத்தல் 240)). மீட்டரில் 9.1 வந்தது என்றால் ஏன் அந்தக் கூடுதல்? அட்ஜஸ்ட் காலிலிருந்தும் 50 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குக் கசிந்து 1.5 கிலோ ஓம் வழியாகப் போகிறது. 1.25 என்பதுகூட ஐ.சி.க்கு ஐ.சி. 1.2 முதல் 1.3 வரை மாறலாம். டேட்டா ஷீட்டை, அதாவது பாகத்தைச் செய்த நிறுவனம் தரும் விவரத் தாளைப் படிக்கும் பழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது.

இணையத்தில் பரவலாகச் சுற்றும் படங்களில் அந்த 1.5 கிலோ ஓமுக்குப் பதில் 5 கிலோ ஓம் பாட் (குமிழைத் திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்) போட்டிருப்பார்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு அதைப் போட்டால் குமிழைப் பாதி திருப்புவதற்குள் வோல்ட் உச்சத்துக்குப் போய், மிச்சப் பாதி சும்மா சுற்றும். கணக்குப்படி 5 கிலோ ஓம் 27 வோல்ட் கேட்கிறது, உள்ளே வருவதோ அதில் பாதி சொச்சம்தான். 2.2 கிலோ ஓம் பாட் போட்டால் 1.25-லிருந்து 12.7 வரை குமிழ் முழுவதும் பயன்படும்.

அடுத்தது கெப்பாசிட்டர். 12 வோல்ட் ஏ.சி. என்றால் அதன் உச்சம் 17 வோல்ட். வழியில் இரண்டு டயோடுக்கு 1.4 போனால் 15.6. சுமை இல்லாதபோது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் தங்கள் லேபிளில் போட்டிருப்பதைவிடப் பத்து இருபது சதவீதம் கூடவே கொடுக்கும். இது தெரியாத காலத்தில் 12 வோல்ட்டுக்கு 16 வோல்ட் கெப்பாசிட்டர் தாராளம் என்று நினைத்துப் போட்டேன். தலை உப்பி, அறை முழுக்க ஒரு காரமான நெடி. 25 வோல்ட் கட்டாயம் வேண்டும், 35 இருந்தால் நிம்மதி.

மதிப்பு எவ்வளவு? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு டயோடும் சேர்ந்த பிரிட்ஜில் அது நொடிக்கு 100 முறை கெப்பாசிட்டரை நிரப்பும். அரை ஆம்பியர் இழுக்கும்போது 2200 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரில் இரண்டு நிரப்பலுக்கு நடுவே சுமார் 2.3 வோல்ட் இறங்கும். அதாவது 15.6 உச்சம், 13.3 பள்ளம். எல்எம்317-க்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் நடுவே 2 வோல்ட்டாவது வித்தியாசம் வேண்டும். ஆக 9 வோல்ட்டில் வைத்தால் சுத்தமாக வரும், 12-ல் வைத்து அரை ஆம்பியர் இழுத்தால் பள்ளம் வரும் இடத்தில் ஐ.சி. கைவிட்டுவிடும். ஸ்பீக்கர் வைத்திருந்தால் 'ம்ம்ம்' என்று 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாகவே கேட்கும். தாளில் எழுதிய எண் காதில் கேட்பது எனக்கு இன்றும் அலுக்காத சந்தோஷம்.

கடைசியாகச் சூடு. 15 வோல்ட் சொச்சம் உள்ளே, 5 வோல்ட் வெளியே, அரை ஆம்பியர். நடுவில் உள்ள 10 வோல்ட்டும் 5 வாட் வெப்பமாக ஐ.சி.யில்தான் இறங்க வேண்டும். ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத டிஓ-220 உறை, அதாவது எல்எம்317 வரும் அந்த மூன்று கால் உறை, வாட்டுக்குச் சுமார் 50 டிகிரி ஏறும். மே மாதம் மாடி அறையில் ஏற்கெனவே 38 டிகிரி. ஒன்றரை வாட்டிலேயே நூறைத் தாண்டிவிடும். எல்எம்317-க்குள் சூடு மீறினால் தானாக நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு இருப்பதால் பாகம் பிழைக்கும். வோல்ட் மட்டும் விழுந்து எழுந்து விழும். இதைப் பார்த்துத்தான் பலர் "ஐ.சி. டூப்ளிகேட்" என்று முடிவுகட்டி வேறு வாங்குகிறார்கள். போலிப் பாகங்கள் சந்தையில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதலில் சூட்டுக் கணக்கைப் போடுங்கள்.

இந்த வழியின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: 230 வோல்ட். வீட்டில் தனியாகக் கற்றுக்கொள்ளும் பள்ளி மாணவர் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி பக்கத்தை, அதாவது 230 வோல்ட் வரும் பக்கத்தை, தொடவே கூடாது என்பது என் கருத்து. தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, டிரான்ஸ்ஃபார்மரை ஃபியூஸும் சுவிட்சும் வைத்து மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு, 12 வோல்ட் வயர் இரண்டை மட்டும் வெளியே விடச் சொல்லுங்கள். அதற்கு மேல் எல்லாம் உங்கள் வேலை. அதற்கு வழி இல்லையென்றால் 12 வோல்ட் டி.சி. அடாப்டரிலிருந்து தொடங்கலாம். டயோடு பிரிட்ஜும் கெப்பாசிட்டர் கணக்கும் கற்க முடியாது. எல்எம்317 பாடம் முழுவதும் கிடைக்கும்.

ஆம்ப்ளிஃபயர்: காதே கருவி

ஆஸிலாஸ்கோப் (வோல்ட் மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) இல்லாத வீட்டில் சிக்னலைப் 'பார்க்க' முடியாது. கேட்க முடியும். அதனால்தான் இரண்டாவது இடத்தை ஆடியோவுக்குக் கொடுக்கிறேன். உண்மையைச் சொன்னால் முதலிடத்துக்கு நெருக்கமான இரண்டாவது இடம்.

பெரும்பாலோர் எல்எம்386-ல் தொடங்குகிறார்கள். எட்டுக் கால், ஒரு 9 வோல்ட் பேட்டரி, 8 ஓம் ஸ்பீக்கர், அரை வாட் அளவுக்குச் சத்தம். அப்படியே விட்டால் 20 மடங்கு பெருக்கும், 1-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட் போட்டால் 200 மடங்கு. அந்த 200-ஐப் போட்ட உடனேதான் பாடம் ஆரம்பிக்கும். ஸ்பீக்கர் மோட்டார் படகு மாதிரி 'டுபு டுபு' என்று அடிக்கும், அல்லது வீல் என்று கத்தும். சர்க்யூட் படத்தில் ஒரு தப்பும் இருக்காது. பேட்டரியிலிருந்து வரும் நீண்ட வயர்தான் காரணம். ஸ்பீக்கர் கரண்ட் இழுக்கும்போதெல்லாம் சப்ளை கொஞ்சம் இறங்குகிறது, அந்த இறக்கம் உள்ளே நுழைந்து மறுபடி பெருகுகிறது. ஐ.சி.யின் பவர் காலுக்கு ஒட்டியே 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் அடங்கிவிடும். வீல் சத்தத்துக்கு மருந்து அவுட்புட்டில் 10 ஓமும் 0.047 மைக்ரோ ஃபாரடும் வரிசையாகப் போடுவது. டேட்டா ஷீட் படத்தில் இது இருக்கிறது, பலரும் 'எதற்கு' என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு முறை அதை இல்லாமலும் செய்து பாருங்கள்.

அப்புறம் அந்த ஐ.சி.யை ஓரம் வைத்துவிட்டு, மேலே சொன்ன பிசி547 சர்க்யூட்டைக் கட்டுங்கள். எமிட்டரில் உள்ள 1 கிலோ ஓமுக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் இல்லாமல் பெருக்கம் 4.7 மடங்கு, இரண்டு ரெசிஸ்டரின் விகிதம். 100 மைக்ரோ ஃபாரட் ஒன்றைக் குறுக்கே போட்டதும் அது சுமார் 200 மடங்குக்குத் தாவும். ஏனென்றால் சிக்னலுக்கு எமிட்டரில் மிஞ்சும் தடை டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் 23 ஓம் மட்டும்: 26 மில்லி வோல்ட் வகுத்தல் 1.13 மில்லி ஆம்பியர். ஒரே ஒரு பாகத்தைச் செருகி எடுக்கும்போது சத்தம் தாவுவதும் இறங்குவதும் கேட்டால், 'பைபாஸ் கெப்பாசிட்டர்' என்ற சொல் இனி மறக்காது.

கடைசியில் பிடி139, பிடி140 ஜோடியை வைத்துப் புஷ்-புல், அதாவது ஒரு டிரான்சிஸ்டர் அலையின் மேல் பாதியையும் மற்றது கீழ்ப் பாதியையும் கையாளும் சர்க்யூட். முதல் தடவை வேண்டுமென்றே பயஸ் டயோடு இல்லாமல் செய்யுங்கள். இரண்டு டிரான்சிஸ்டருமே திறக்காத 1.2 வோல்ட் இடைவெளி நடுவில் இருக்கும். சத்தம் குறைவாக வைக்கும்போது குரல் கரகரக்கும், கூட்டினால் கரகரப்பு மறைந்த மாதிரி இருக்கும். இரண்டு டயோடு போட்டு அந்த இடைவெளியை நிரப்பினால் குரல் தெளியும். ஆனால் டிரான்சிஸ்டர் சூடாகச் சூடாக அதன் பேஸ் வோல்ட் டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் குறையும், கரண்ட் ஏறும், இன்னும் சூடாகும். அதனால் அந்த டயோடுகளை ஹீட் சிங்கைத் தொடும்படி வைப்பார்கள். எமிட்டர்களில் அரை ஓம் ரெசிஸ்டர் போடுவதும் அதற்குத்தான்.

இந்த வழியில் ஆபத்து குறைவு, செலவும் சில நூறு ரூபாய்க்குள். குறை என்னவென்றால் நல்ல சப்ளை இல்லாமல் செய்தால் எது யாருடைய இரைச்சல் என்று தெரியாது. மலிவான 12 வோல்ட் அடாப்டரின் கீச்சொலி ஆம்ப்ளிஃபயருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், உங்கள் சர்க்யூட்டில் தப்பு என்று நாள் கணக்கில் தேடுவீர்கள். நான் தேடினேன். 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் போட்டதும் இரைச்சல் நின்றபோதுதான் புரிந்தது. பவர் சப்ளையை முதலில் வைத்ததற்கு இதுவே பெரிய காரணம்.

ரேடியோ: அழகானது, ஆனால் இப்போது கடினம்

முந்தைய தலைமுறை எலெக்ட்ரானிக்ஸ் கற்றது ரேடியோவில்தான். ஃபெரைட் தண்டில் சுற்றிய காயில், ஒரு கேங் கண்டென்சர் (திருப்பி மதிப்பை மாற்றும் கெப்பாசிட்டர்), ஒரு டயோடு, ஹெட்போன். 240 மைக்ரோ ஹென்றி காயிலும் 365 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் 538 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும், கெப்பாசிட்டரைத் திறக்கத் திறக்க மீடியம் வேவ் முழுவதும் மேலேறும். கணக்கு இருக்கிறது, அழகு இருக்கிறது, காற்றிலிருந்து குரல் வரும் அந்த அதிசயத்துக்கு ஈடே இல்லை.

ஆனாலும் முதல் திட்டமாக இதைச் சொல்ல மாட்டேன். ஆகாசவாணி மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களில் பலவற்றை மூடி எஃப்.எம். பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் நிலையத்தின் அலையையும் வீட்டிலுள்ள எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து இரைச்சலில் மூழ்கடிக்கும். சர்க்யூட் வேலை செய்யவில்லையா, அலையே வரவில்லையா என்று பிரித்தறிய வழியில்லாத இடத்தில் கற்பது கஷ்டம். மல்டிமீட்டருக்கு ரேடியோ அலைவரிசை தெரியாது. உங்கள் வீட்டில் சாதாரண ரேடியோவில் மீடியம் வேவ் நிலையம் ஒன்று தெளிவாக எடுத்தால் மட்டும் இறங்குங்கள். அப்படி எடுத்தால் டிஏ7642 என்ற மூன்று கால் ஐ.சி. போதும். ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றில் ஓடும், டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கும். கேங் கண்டென்சரும் ஃபெரைட் தண்டும் புதிதாகத் தேடி அலைவதைவிட, ஊரில் உள்ள பழைய ரேடியோ டி.வி. ரிப்பேர் கடையின் கழிவுப் பெட்டியில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒற்றை டிரான்சிஸ்டர் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் சர்க்யூட்கள் இணையத்தில் ஏராளம். உரிமம் இல்லாமல் அலை பரப்புவது இந்தியாவில் சட்டவிரோதம். அந்த ஆசை இருந்தால் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதுங்கள். 12 வயதானவர்களே எழுதலாம், படிக்கும் பாடம் எலெக்ட்ரானிக்ஸுக்கும் உதவும்.

ஆர்டுயினோ

இதைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் உங்களில் பலர் ஏற்கெனவே இதில் இருக்கிறீர்கள். 2005-ல் இத்தாலியின் இவ்ரியாவில் வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்காகத் தொடங்கிய திட்டம் அது. எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம், அதில் அது வென்றிருக்கிறது. சென்சார் மாடியூல், ரிலே மாடியூல், மோட்டார் மாடியூல் என்று வாங்கிச் செருகும்போது சர்க்யூட் பாகம் முழுவதையும் வேறொருவர் செய்து வைத்திருக்கிறார். நீங்கள் கற்பது கோடு எழுதுவதை.

அதை எலெக்ட்ரானிக்ஸாக மாற்ற வழி இருக்கிறது. மாடியூல்களைக் கழற்றிவிடுங்கள். ரிலே மாடியூலுக்குப் பதில் வெறும் ரிலே, பிசி547, பேஸ் ரெசிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே 1என்4007. அந்த டயோடு இல்லாமல் ரிலே அணையும்போது வரும் வோல்ட் துள்ளல் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். மோட்டாருக்கு ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டை 5 வோல்ட் பின்னில் நேரே கொடுத்துப் பாருங்கள். ஓடும், ஆனால் மாஸ்ஃபெட் சுடும். டேட்டா ஷீட்டில் அதன் குறைந்த தடையை 10 வோல்ட் கேட்டில்தான் சொல்லியிருப்பார்கள். 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்க ஐஆர்எல்இசட்44என் வேண்டும். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்.

பிறகு போர்டையும் விட்டுவிட்டு ஏடிமெகா328பி ஐ.சி.யை மட்டும் எடுத்து, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு 22 பிகோ ஃபாரட், ரீசெட்டுக்கு 10 கிலோ ஓம், பவர் கால்களில் 0.1 மைக்ரோ ஃபாரட் வைத்து நீங்களே ஓட்டலாம். நீங்கள் செய்த பவர் சப்ளையின் வோல்ட்டை அதன் 10 பிட் ஏ.டி.சி.யால் (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) அளந்து ஒரு சின்னத் திரையில் காட்டுங்கள். 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிப்பதால் ஒரு படி 4.88 மில்லி வோல்ட். 15 வோல்ட்டை நேரே கொடுக்க முடியாது, ரெசிஸ்டர் பிரிப்பான் வேண்டும். இந்தக் கட்டத்தில் ஆர்டுயினோ வழி மற்ற மூன்றுக்கும் சமமாகிவிடுகிறது. ஆனால் இந்தக் கட்டத்துக்கு வர பவர் சப்ளை முதலில் வேண்டும்.

எதில் கட்டுவது, எதால் அளப்பது

பாகங்களைச் செருகி எடுக்கும் பிரெட்போர்டா, சால்டர் செய்யும் துளைப் பலகையான டாட் போர்டா என்று கேட்டால், இரண்டும், ஆனால் வரிசையாக. பிரெட்போர்டில் பாகத்தை மாற்றிப் பார்ப்பது எளிது, அதனால் ஆம்ப்ளிஃபயரின் முதல் கட்டம் அங்கே நடக்கட்டும். பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு நடுவே ஓரிரு பிகோ ஃபாரட் தானாகவே இருப்பதால் ரேடியோவுக்கு அது ஒத்துவராது. பவர் சப்ளைக்கும் வேண்டாம். மலிவான போர்டின் பிடிகள் தளர்ந்து, அரை ஆம்பியர் போகும் இடத்தில் சூடாகி உருகிப்போன பிரெட்போர்டு ஒன்றை நான் வைத்திருக்கிறேன். அதை நேரே டாட் போர்டில், தடித்த வயரில் பற்ற வையுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள். ஃபெரிக் குளோரைடில் அரித்துச் சொந்தமாக பி.சி.பி. செய்வது இந்தக் கட்டத்தில் தேவையில்லை. கறையும் கழிவும்தான் மிஞ்சும்.

சிமுலேஷனைப் பற்றி, அதாவது சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி, இரண்டு கட்சி உண்டு. நான் நடுவில் நிற்கிறேன். பிரவுசரிலேயே ஓடும் ஃபால்ஸ்டாட் சிமுலேட்டரில் கரண்ட் புள்ளி புள்ளியாக நகர்வதைப் பார்க்கலாம். புஷ்-புல் சர்க்யூட்டில் இரண்டு டிரான்சிஸ்டரும் மாறி மாறித் திறப்பதை அங்கே ஐந்து நிமிடம் பார்த்தால் விளங்கிவிடும். எல்டிஸ்பைஸ் என்ற சிமுலேட்டர் இலவசம், இன்னும் துல்லியம். ஆனால் நீண்ட வயர் உண்டாக்கும் 'டுபு டுபு' சத்தம் சிமுலேட்டரில் வராது, ஏனென்றால் அதற்கு உங்கள் வயரின் நீளம் தெரியாது. தாளில் கணக்கு, பிறகு சிமுலேஷன், பிறகு கட்டி அளப்பது என்று நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது எண் முதல் இரண்டோடு ஒத்துப்போகாத இடங்களில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

மீட்டர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது உள்தடை. மஞ்சள் நிற டிடி830 வகை மீட்டர்களுக்கு அது 1 மெகா ஓம். பிசி547 சர்க்யூட்டின் பேஸில் வைத்தால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களால் 12 வோல்ட்டைப் பாதியாக்கி நடுவில் அளந்தால் 6-க்குப் பதில் 4 காட்டும், மீட்டரே மூன்றாவது ரெசிஸ்டராகச் சேர்ந்துகொள்வதால். இதை ஒரு நாள் மாலை செய்து பாருங்கள். 10 மெகா ஓம் மீட்டருக்கு மாறுவதில் காசு வீண் இல்லை.

ஆஸிலாஸ்கோப் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். அதற்குப் பிறகு ஆசை வரும், வர வேண்டும். டிஎஸ்ஓ138 கிட் 200 கிலோஹெர்ட்ஸ் வரை காட்டும். ஆடியோவுக்கும் பவர் சப்ளையில் வோல்ட் உச்சம் பள்ளமாக ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்கும் அது போதும், ரேடியோவுக்குப் போதாது. அதைவிட நான் சிபாரிசு செய்வது எக்ஸ்ப்ஐஸ். புது தில்லியில் உள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் ஃபீனிக்ஸ் திட்டத்தில் பள்ளி, கல்லூரிச் சோதனைகளுக்காக உருவான சின்னப் பெட்டி. கம்ப்யூட்டரோடு யு.எஸ்.பி.யில் இணைத்தால் ஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர், மாற்றக்கூடிய வோல்ட் எல்லாம் ஒன்றிலேயே கிடைக்கும். வடிவமைப்பும் மென்பொருளும் திறந்தவை. இவை எதையும் 230 வோல்ட்டை அளக்க வைத்துவிடாதீர்கள்.

ஆக, யாருக்கு எது

மூடிய பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தர ஆள் இருந்தால் பவர் சப்ளையில் தொடங்குங்கள். நான்கு வார இறுதிகள் ஆகும். அதன் மேல் ஆம்ப்ளிஃபயரைக் கட்டுங்கள், அதற்கு இரண்டு மாதம் கொடுங்கள், அவசரப்படாதீர்கள். பத்தாவது, பதினோராவது படிக்கும் பிள்ளை தனியாகச் செய்வதென்றால் 9 வோல்ட் பேட்டரியில் ஆம்ப்ளிஃபயர் முதலில், 12 வோல்ட் அடாப்டரில் எல்எம்317 அடுத்தது. கோடு எழுதுவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர் ஆர்டுயினோவைத் தூக்கிப் போட வேண்டாம், மாடியூல்களை மட்டும் தூக்கிப் போட்டால் போதும். ரேடியோ, மீடியம் வேவ் கேட்கும் ஊர்க்காரர்களுக்கு மூன்றாவதாக.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்கும் பக்கத்தில் உள்ள நரசிங்கபுரம் தெருவுக்கும் ஒரு பட்டியலோடு போங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பார்சல்தான். முதல் பட்டியலில் இவை இருக்கட்டும்: எல்எம்317 மூன்று, டிஓ-220 ஹீட் சிங்க் இரண்டு, 1என்4007 பத்து, பிசி547 பத்து, எல்எம்386 இரண்டு, பிடி139-ம் 140-ம் இரண்டிரண்டு, 2200 மைக்ரோ ஃபாரட் 35 வோல்ட் இரண்டு, 100 மைக்ரோ ஃபாரட் பத்து, 0.1 மைக்ரோ ஃபாரட் இருபது, 2.2 கிலோ ஓம் பாட் ஒன்று, 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று, 240 ஓம், 1, 1.5, 4.7, 10, 56 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் பத்துப் பத்து. எல்எம்317 ஏன் மூன்று என்றால், முதலாவதைக் கால் மாற்றிப் போட்டுவிடுவீர்கள். முன்பக்கம் பார்த்து வைத்தால் இடமிருந்து வலமாக அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். முதுகில் உள்ள உலோகத் தகடு அவுட்புட்டோடு சேர்ந்தது, ஹீட் சிங்கை கிரவுண்டில் பட விடாதீர்கள்.